ஹெக்டரின் வயலில் கத்தியது எது?

ஜூன் 30, திங்கள். மாலை 6.50.

எட்டுப் பேர், பதினோரு பெட்டிகள், மூன்று கேமரா முக்காலிகள், ஒரு ஊன்றுகோல். எங்கள் தீவின் லாக்மேடி துறையில் கப்பல் வந்து நின்றதும் எண்ணினேன். வேனில் இடம் போதாது என்று தெரிந்ததும் மறுபடி எண்ணினேன். குறையவில்லை.

டெர்பி ஊரின் இயற்கை ஆர்வலர் சங்கமாம். பன்னிரண்டு நாள் பயணம். 'தீவின் ஊர்களும் உயிரினங்களும்' என்று மர்டீனா அத்தை இதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். விடுதி அவளுடையது, வேன் அவளுடையது, சமையலும் அவள்தான். பழைய டிரைவர் மீன் பண்ணை வேலைக்குப் போய்விட்டதால் ஸ்டியரிங் மட்டும் என் கையில். ஒலியியல் படித்து, கடலுக்கடியில் ஓங்கில்களின் சத்தத்தை இரண்டு வருஷம் அளந்தவன், ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டி தூக்குகிறான். பரவாயில்லை. பெட்டிக்கும் எடை உண்டு, அளக்கலாம்.

கூட்டத்துக்குத் தலைவர் கீத். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "கார்ன்கிரேக் இன்னிக்கே கேக்குமா தம்பி?"

விளம்பரத்தாளில் அத்தை அச்சடித்திருக்கிறாள்: 'தினமும் மாலை கார்ன்கிரேக்கின் குரல்.' புல்லுக்குள் ஒளிந்துகொண்டு, சீப்பின் பற்களை அட்டையால் வறட்டு வறட்டென்று உரசுவது போல விடிய விடியக் கத்தும் ஒரு கோழி அது. யாரும் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். எங்கள் ஊரில் அதைக் கேட்டு நாலு வருஷம் ஆகிறது.

அத்தையிடம் நேராகவே சொன்னேன், இது பொய் என்று.

"பொய்யில்லடா. பழைய உண்மை."

ஜூலை 1

பாறையில் கடல்நாய் காட்டினேன். ஓடை முகத்தில் நீர்நாய் காட்டினேன், குட்டியோடு. கடற்கழுகு ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே மீனைக் கொண்டுபோனது. இதற்கெல்லாம் சிலர் உயிரையே கொடுப்பார்கள். கீத் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம். ஆனா கார்ன்கிரேக்?" என்றார்.

ஊர்களும் காட்ட வேண்டும் அல்லவா. தபால் நிலையம், கூரையில்லாத பழைய தேவாலயம், மூடிய பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்து வாசலில் நான் படித்த இடம் என்று சொல்லிவிட்டேன். உடனே என்னையும் படம் எடுத்தார்கள். உயிரினங்கள் பட்டியலில் ஒன்று கூடியது.

ஜூலை 2

மழை. எட்டுப் பேரும் சமையலறையில். என்னால் முடியாது.

ஜூலை 3, வியாழன்

சாப்பிடும்போது கீத் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அத்தையிடம் சொன்னார்: "அந்தப் பறவைக்காகத்தாம்மா நாங்க இந்த விடுதியத் தேர்ந்தெடுத்தோம். சங்கத்துல எல்லாருக்கும் சொல்லணுமே." மிரட்டல் இல்லை, வருத்தம்தான். வருத்தம் மிரட்டலைவிட மோசம். இந்த வருஷம் இன்னும் மூன்று கூட்டங்கள் வர வேண்டும். மூன்றும் இந்தச் சங்கத்தின் சொல்லை நம்பி வருபவை. அத்தை உருளைக்கிழங்கை எல்லாருக்கும் இரண்டாம் முறை போட்டாள்.

பிற்பகல் கொட்டகையில் உட்கார்ந்து செய்து முடித்தேன். தண்ணீர் புகாத ஸ்பீக்கர் ஒன்று கடல் வேலையில் மிஞ்சியது. நல்ல பதிவு ஒன்று கணினியில் இருந்தது. ஒரே இடைவெளியில் கத்தினால் ஆய்வாளர் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் இடைவெளிகளைத் தாறுமாறாக்கினேன். ஒன்பது மணிக்குத் தானே தொடங்கும், ஒரு மணிக்குத் தானே நிற்கும். எங்கள் வேலியை ஒட்டிய ஹெக்டரின் வயல் மூலையில், மஞ்சள் ஐரிஸ் பூச்செடிப் புதருக்குள் வைத்தேன்.

அந்தப் பறவையைப் பதிவு ஒலியால் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். தெரியும். ஆனால் அங்கே பறவையே இல்லை. இல்லாத பறவையை எப்படித் தொந்தரவு செய்வது?

ஒன்பது மணி. வெளிச்சம் இன்னும் போகவில்லை. 'க்ரெக்ஸ் க்ரெக்ஸ்.' எட்டுப் பேரும் வேலியில் வரிசையாக, மூச்சு விடாமல். ஊன்றுகோல் வைத்திருக்கும் தெல்மா அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய கணவர் சின்ன வயதில் கேட்ட சத்தமாம்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

உள்ளே வந்ததும் அத்தை: "நாலு வருஷமா வராதது, நீ டிரைவரான நாலாம் நாள் வந்திருக்கு. ராசிக்காரன்டா நீ." தட்டில் இரண்டு துண்டு கேக். கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

ஜூலை 4

ரோனா வந்துவிட்டாள்.

பறவைக் கணக்கு எடுக்கும் அலுவலகத்தில் வேலை. ஸ்கை தீவுக்காரி. கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் கடையில் சொன்னால் போதும். மாலை வேலியருகே வந்து நின்று கேட்டாள். வெகுநேரம் அசையவில்லை.

"நாலு வருஷமா வந்து சும்மா நின்னுட்டுப் போறேன் ஃபின்லே. மேலிடத்துல இந்த ஊர விட்டுடலாம்னாங்க. நான்தான் புல்லு இருக்கு, வரும், வரும்னு சண்டை போட்டேன்."

நான் வேலிக்கம்பங்களை எண்ணினேன்.

"நல்ல குரல். கொஞ்சம் ஒரே சீரா கத்துதோ?"

'சீராவா? இடைவெளியைத் தாறுமாறாக்க ஒரு மணிநேரம் ஆயிற்று எனக்கு' என்று வாய்வரை வந்தது. கடவுளே. பிடிபடுவது பற்றிக் கவலையில்லை, வேலையைக் குறை சொன்னதுதான் பொறுக்கவில்லை.

போகும்போது விதியையும் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு முறை கேட்டால்தான் கணக்கு. அடுத்த முறை புதன்கிழமை வருவாள். அதுவரை அந்த வயலில் கத்தி படக் கூடாது. இரண்டாம் முறையும் கேட்டுவிட்டால் செப்டம்பர் வரை வெட்டக் கூடாது.

யாருடைய வயல்? ஹெக்டருடைய வயல்.

ஜூலை 5, சனி

எங்கள் ஊரில் மூன்று ஹெக்டர்கள். அப்பா தபால்காரராக இருந்ததால் இவர் தபால் ஹெக்டர். இவர் வாழ்நாளில் ஒரு தபால்கூட யாருக்கும் கொண்டுகொடுத்ததில்லை. காலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தார்.

"மர்டீனா, உன் விருந்தாளிங்கள்ல எவனாச்சும் பறவைய பையில போட்டு எடுத்துட்டு வந்தானா?"

"உக்காரு ஹெக்டர். டீ?"

"டீ வேணாம். குடு. நாலு வருஷம் முன்னாடி அந்தப் பொண்ணு வந்து, பறவைய காப்பாத்துறோம், கையெழுத்துப் போடுங்கன்னா. பறவையே இல்லியே, கையெழுத்துதானேன்னு போட்டேன். இப்ப வந்து குந்திக்கிச்சு, என் நல்ல புல்லுல! செவ்வாயிலேர்ந்து வியாழன் வரைக்கும் வெயிலாம். அப்புறம் பத்து நாள் மழையாம். இந்த மூணு நாள்ல வெட்டிக் காயவச்சுக் கட்டலேன்னா குளிர்காலத்துக்கு மாடுங்களுக்கு எதப் போடுவேன்? ஆறு மாட்ட விக்கணும். ஆறு!"

என் பக்கம் திரும்பினார். "நீதான் படிச்சவனாச்சே. இந்த எழவெடுத்த சத்தத்த நிறுத்த ஏதாச்சும் மெஷின் இல்லியாடா?"

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். எல்லாரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். அதனாலேயே பாதி ஊர் என்னோடு பேசாது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இரவு சாப்பாட்டுக்கு முன்பே ஸ்பீக்கரை எடுத்து வந்துவிட்டேன். இனிமேல் சத்தம் இல்லை. புதன்கிழமை ரோனாவுக்கு ஒன்றும் கேட்காது. வயல் விடுதலை, யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லை. சுத்தமான தீர்வு.

ஜூலை 6, ஞாயிறு

வண்டி எடுக்கவில்லை. ஞாயிறு இந்தத் தீவில் ஓய்வுநாள், யாரும் எடுப்பதில்லை. எல்லாரும் காலை, மாலை இரண்டு ஆராதனைக்கும் நடந்து போனோம்.

மாலை வேலியில் நின்று கீத்: "இன்னிக்கு சத்தமே இல்லியே?"

"ஞாயித்துக்கிழமை."

"பறவைக்குமா?"

"இந்த ஊர்ப் பறவைதானே."

தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். நகைச்சுவை என்று சொல்லப் போனேன். அதற்குள் தெல்மா அம்மாளிடம் விளக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜூலை 7

தீர்வு சுத்தமானதாக இல்லை. புதன்கிழமை அவள் வந்து கேட்காமல் போனால்தான் ஹெக்டர் வெட்ட முடியும். வியாழனன்று வெட்டினால் காய ஒரே ஒரு நாள்கூட இல்லை. இதை ஏன் சனிக்கிழமையே கணக்குப் போடவில்லை? கணக்கு தெரிந்தவன் நான்.

மாலை ஹெக்டர் மாட்டுக்கொட்டில் சுவரில் தனியாக உட்கார்ந்திருந்தார். புல் தரகருக்குப் போன் போட்டு, விலையைக் கேட்டு, வைத்துவிட்டாராம். "கடல் தாண்டி வர்ற புல்லுக்கு மாட்டையே வாங்கிடலாம்டா" என்றார். திட்டவே இல்லை. ஹெக்டர் திட்டாமல் பேசி நான் கேட்டதில்லை.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஸ்பீக்கர், பதிவு, இடைவெளி வரைக்கும்.

கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். பிறகு சுவரிலிருந்து விழும் அளவுக்குச் சிரித்தார்.

"மெஷினா! அடப் பாவி! நான் ஒரு டப்பாவுக்குப் பயந்துக்கிட்டு மூணு நாளா தூங்காம கெடக்கேன்!"

"ரோனாகிட்ட நானே நாளைக்குச் சொல்றேன் ஹெக்டர். என்ன மட்டும் சொல்ல விடுங்க."

"சொல்லு, சொல்லு. விடிஞ்சதும் நான் வெட்ட எறங்குறேன். அவ உன்னத் திட்டி முடிக்கிறதுக்குள்ள பாதி வெட்டிடுவேன்."

முதுகில் அறைந்தார். இன்னும் வலிக்கிறது. நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன். உள்ளதைச் சொன்னால் எவ்வளவு எளிது எல்லாம்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். 'க்ரெக்ஸ் க்ரெக்ஸ்.' முதலில் வந்தது எரிச்சல், டைமரை அணைக்க மறந்துவிட்டேனே என்று. அலமாரியைத் திறந்தேன். ஸ்பீக்கர் இருந்தது. பேட்டரி தனியாக, பக்கத்தில்.

வெளியே கத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம்தான் மூளைக்கு எட்டியது. இரண்டு மாலைகள் ஒரு புதரில் ஒரு ஆண் பறவை ஓயாமல் கத்தினால், எங்கோ இருக்கும் இன்னொரு ஆண் பறவை என்ன செய்யும்? அவனைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடிக்க வரும். வந்திருக்கிறது. எதிரி ஊரைவிட்டுப் போனதைத் தன் வெற்றி என்று நினைத்துக் கத்துகிறது.

டிராக்டர் சத்தமும் கேட்டது.

இரவு உடையோடு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடினேன். வயல் கதவு ஓரமாக ஒரு வரிசை வெட்டி முடித்திருந்தார். வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"நகருடா!"

"ஹெக்டர், பறவை இருக்கு! நெஜமாவே இருக்கு!"

"நேத்து மெஷின்னே."

"நேத்து மெஷின்தான். இன்னிக்கு நெஜம்."

"மர்டீனா அனுப்பினாளா? விருந்தாளிங்களுக்குக் காட்டுறதுக்கு என் வயலு வேணுமா?"

"இஞ்சின நிறுத்திட்டுக் கேளுங்க."

நிறுத்தினார். பறவையும் நிறுத்திவிட்டது. அந்த அமைதியை மறக்க மாட்டேன்.

இதற்குள் எட்டுப் பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு வேலிக்கு வந்துவிட்டார்கள். கீத் உதவிக்கு வந்தார். "பறவை இருக்கறது உறுதி சார். வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நாங்க எட்டுப் பேரும் எங்க காதால கேட்டோம்! சாட்சி சொல்றோம்!"

ஹெக்டர் என்னைப் பார்த்தார். "சொல்லேன்டா அவங்களுக்கு."

சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இரண்டு நாளும் நீங்கள் கேட்டது என் ஸ்பீக்கர். இப்போது கத்தியதுதான் பறவை. சொல்லும்போதே எனக்கே நம்பும்படி இல்லை. கீத்தின் முகம் சிவந்தது. தெல்மா அம்மாள் ஊன்றுகோலை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். அதுவே போதும் எனக்கு.

"காட்டு" என்றார் ஹெக்டர். "அத என் கண்ணுக்குக் காட்டு. வண்டிய எடுத்துட்டுப் போயிடுறேன்."

யாராலும் பார்க்க முடியாத பறவையைக் காட்ட வேண்டும்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. குற்றம் என்று தெரிந்த வழி. இந்த முறை அங்கே பறவை இருக்கிறது என்பதும் தெரிந்தே செய்தேன். ஓடிப்போய் ஸ்பீக்கரை எடுத்து வந்து, வெட்டிய வரிசையில் நடுவாக வைத்து, இயக்கினேன்.

இரண்டாவது கத்தலிலேயே புல் பிளந்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு, செம்பழுப்பு இறக்கையைத் தொங்கவிட்டு, ஒரு கைப்பிடி அளவுக் கோழி வெட்டவெளிக்கு வந்தது. டிராக்டரையும் எங்களையும் மதிக்கவேயில்லை. ஸ்பீக்கருக்கு எதிரே நின்று, உடம்பே குலுங்க, அதன் மூஞ்சியில் கத்தியது. பிறகு கொத்தியது. இரண்டு முறை.

அணைத்தேன். பறவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. ஜெயித்துவிட்டது. புல்லுக்குள் போனது.

ஹெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏன்டா, உன்னோட பொய்கூட குட்டி போடுமா?"

சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ரோனாவைக் கூப்பிட்டேன். மதியம் வந்தாள். நின்றுகொண்டே முழுவதும் கேட்டாள்.

"இது குற்றம்னு தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு தடவ பண்ணியிருக்கீங்க."

"ரெண்டு தடவ."

"வெள்ளிக்கிழமை நான் இங்க நின்னு உங்ககிட்ட என்னெல்லாம் சொன்னேன்." ஹெக்டரைக் கூட்டிக்கொண்டு வயலைச் சுற்றினாள். ஐரிஸ் மூலையை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கை விட வேண்டும். மற்றதை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே நோக்கி, மெதுவாக வெட்டலாம், பறவை தப்பியோட வழி இருக்கும்படி. இப்படிச் சலுகை தந்ததற்கு மேலிடத்தில் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். என்னிடம் அல்ல, ஹெக்டரிடம்.

மாலையே வெட்டினார். டிராக்டருக்கு முன்னால் நான் நடந்தேன், புல்லைத் தட்டிக்கொண்டு.

ஜூலை 9

மணல்வெளியில் பூக்கள், கடலோர ஊர், தேநீர். வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. பாதையில் எதிரே வந்த கார்களுக்கு மட்டும் கையசைத்தேன்; அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. மாலைக்குள் கடை வழியாகத் தெரிந்துவிடும்.

ஜூலை 10

புல் காய்ந்து, கட்டி, உள்ளே ஏற்றியாகிவிட்டது. கடைசிக் கட்டு ஏறும்போது மேற்கே கறுத்தது. ஹெக்டர் கணக்குச் சொன்னார்: "நாலு மாடு தப்பிச்சிடுச்சு. ரெண்டு விக்கணும். அந்த ரெண்டுக்கும் உன் பேர்தான் வச்சிருக்கேன்."

சாப்பாட்டுக்குப் பின் கீத் என்னை ஓரமாக அழைத்தார். கண்கள் சிவந்திருந்தன. பறவை ஜன்னலுக்குக் கீழேயே கத்துகிறது, இரண்டு ராத்திரியாக யாரும் தூங்கவில்லை.

"கொஞ்சம் சத்தத்தக் குறைக்க முடியுமா தம்பி?"

"அது பறவை."

"ஆமா ஆமா." கண்ணடித்தார். "நாங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்கல. ஆனா கொஞ்சம் குறைங்க."

ஜூலை 11, வெள்ளி

மழை. எட்டுப் பேரையும் கப்பலில் ஏற்றினேன். தெல்மா அம்மாள் கடைசியாக ஏறினார். "ரெண்டுல எது நெஜம்னு எனக்குத் தெரியும்பா. ஆனா நான் அழுதது மொதல்ல கேட்டதுக்கு." திட்டுகிறாரா, மன்னிக்கிறாரா? கேட்பதற்குள் கப்பல் கதவு மூடிவிட்டது.

ஜூலை 19, சனி

நேற்று முதல் சத்தம் இல்லை.

செத்துவிட்டது என்று நினைத்து ரோனாவைக் கூப்பிட்டேன். பூனையா, பருந்தா என்று கேட்டேன். வந்தாள், வேலியருகே நின்றாள், கேட்க ஒன்றும் இல்லாததைக் கேட்டாள். ராத்திரியெல்லாம் கத்துவது துணை தேடித்தானாம். துணை கிடைத்ததும் வாயை மூடிக்கொள்ளுமாம். "அனேகமா உள்ள முட்டை இருக்கும்" என்றாள். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சிரிக்கவில்லை.

ஹெக்டர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து: "என்னடா, பேட்டரி தீந்துடுச்சா?"

திங்களன்று அடுத்த கூட்டம். ஏழு பேர். இனி செய்ய வேண்டியவை:

1. விளம்பரத்தாளில் அந்த வரியை நீக்குவது. அத்தை கேட்டால், பழைய உண்மையும் இல்லை, புது உண்மையும் இல்லை, இப்போது அங்கே அமைதிதான் என்று சொல்வது.

2. ரோனாவின் அலுவலகத்துக்கு, இரண்டு முறையும் நடந்ததை என் கையெழுத்தில் எழுதிக் கொடுப்பது. அவள் கேட்கவில்லை. ஹெக்டருக்குக் கொடுத்த சலுகைக்கு அவள் பதில் சொல்லும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

3. ஏழு பேரையும் வேலிக்குக் கூட்டிப்போவது. ஒன்றும் கேட்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு.

4. செப்டம்பரில், பறவைகள் ஆப்பிரிக்கா கிளம்பியபின், அந்த மூலையை அரிவாளால் வெட்டுவது. மழையில் ஊறிய மண்ணில் டிராக்டர் இறங்காது. இரண்டு மாடுகளில் ஒன்றையாவது அந்தப் புல் காப்பாற்றுமா என்று பார்ப்பது.

5. பேட்டரி தீரவில்லை, அதற்குக் குடும்பம் ஆகிவிட்டது என்று ஹெக்டரிடம் சொல்வது. நம்பமாட்டார். நாளையும் சொல்வது.